கொக்கு நின்ற இடம்

காகம் இன்னும் வரவில்லை. மற்ற நாளில் குசினி வரைக்கும் வந்து அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போகிற காகங்களுக்கு இன்றைக்கென்று பார்த்துப் பெரிய மனுசத்தனம் வந்துவிட்டது. பின்முற்றத்து மதிலில் திவசச் சோற்றை வைத்துவிட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கா... கா..." என்று கூப்பிட்டபடி நின்றாள் திலகேஸ்வரி. காகம் எடுத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம். ஹோலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த சிவகடாட்சம் மாஸ்டருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் காகம் நாளைக்குத்தான் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சந்தோசப்பட்டிருப்பார், ஏனென்றால் காகம் எடுத்ததும் அவர் ஒரு பதில் சொல்லவேண்டும். அவருக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு புது வர்ணப் பெட்டி, மூன்று தூரிகை, ஒரு டம்ளர் தண்ணீர். எல்லாம் அவள் பட்டணத்துக்குப் போய் வாங்கி வந்தவை. அதற்கும் அப்பால் சுவரோரம், வாழையிலைப் படையலுக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால், அவர் இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் வரைந்த நீர்வர்ணப் படம். படத்தின் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள். அவ்வளவு ஆயத்தம். "மாஸ்டர், உங்களிட்ட ஒண்டு கேக்கப்போறன், மறுக்கக்கூடாது," என்று வந்ததும் வராததுமாய்த் தொடங்கினாள். "அந்தக் கொக்கு நிக்குதெல்லே, அதை அழிச்சுப்போட்டு அந்த இடத்தில எங்கட இவரைக் கீறித் தரேலாதோ? பெரிசா வேண்டாம். முகம் வேண்டாம். சும்மா ஓராள் நடந்துபோற மாதிரி. அவரின்ர நடை உங்களுக்குத் தெரியுந்தானே. இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம், காகம் எடுக்கட்டும், பிறகு சொல்லுங்கோ." சொல்லிவிட்டு மதிலடிக்குப் போய்விட்டாள்.

இவர் என்று அவள் சொன்னது தன் புருசன் அருந்தவராசாவை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்திர வாத்தியாரான கடாட்சம் மாஸ்டரின் கூட்டாளி, அவருக்கு வெறும் தவம். ஒரு சித்திரை மாதக் காலையில் ஊர்த் தரவையில், மாடு மேய்கிற வெட்டவெளியில், மிதிவெடியில் கால் வைத்துப் போய்விட்டவர். அதற்கு ஆறு மாதம் கழித்து ஊரே ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வீடு எரிந்து கிடந்தது. அலுமாரியோடு கலியாணப் படம், பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் படம் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டை அன்றைக்கு அவன் சட்டைப்பையில் இருந்தது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஆக, செத்தவனின் முகம் என்று இந்த வீட்டில் ஒரு கடுதாசித் துண்டுகூட இல்லை. மிஞ்சியது இந்தப் படம்தான். பாயோடு பாயாகச் சுருட்டி அவள் தோளில் கொண்டு திரிந்தது. ஊர் ஊராக, கொட்டில் கொட்டிலாக. ஒரு முறை மழையில் நனைந்ததாகவும் தான் நெஞ்சோடு வைத்துக் காயவைத்ததாகவும் சொல்லியிருக்கிறாள். திவசத்துக்கு மற்ற வீடுகளில் மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் படைப்பார்கள். இந்த வீட்டில் ஒரு தரவைக்குப் படைத்தார்கள். மேலே நீலம், கீழே காய்ந்த புல், ஈச்சம்பற்றைகள், தூரத்தில் பனைவரிசை, நடுவில் ஒற்றையாய் ஒரு வடலி, இளம் பனை, வடலிக்கு வலப்பக்கம் ஒரு பயற்றங்காய் விதை அளவில் வெள்ளையாய் ஒன்று. சண்டை நடந்த காலத்தில் வரைந்த படம் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதில் ஒரு சின்னப் புகைகூட இல்லை. அந்த வெள்ளையைத் திலகேஸ்வரி முதல்நாளே கொக்கு என்று சொல்லிவிட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. இருபத்தெட்டு வருசமாகச் சொல்லவில்லை. அவள் கொக்குக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டினாள்.

அன்றைக்கு ஏன் வரையப் போனேன் என்று அவர் தன்னைக் கேட்காத நாள் இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, வீட்டில் இருந்தால் ஹெலிகொப்டரின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், தரவையில் என்றால் தூரத்திலேயே தெரியும், விழுந்து படுக்கலாம். இது ஒரு காரணம். மற்றது, தடித்த தாள் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஒரேயொரு தாள். கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராத காலம், சவர்க்காரமே இல்லை, சித்திரத் தாளுக்கு எங்கே போவது? நீலம் முடிந்து மாதக்கணக்கு. வேட்டிக்குப் போடுகிற நீலப்பொடியைச் சிரட்டையில் கரைத்து வானத்துக்கு வைத்துக்கொண்டார். அதை நினைத்து அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாடே பற்றி எரிகிறது, இவன் வெள்ளாவி நீலத்தில் வானம் கீறப் போகிறான் என்று தவம் சொல்லிச் சிரித்திருப்பான். இருந்தால் சிரித்திருப்பான். அருந்தவராசா அன்றைக்கு ஊரில் இல்லை, இரண்டு நாளாக இல்லை, பருத்தித்துறைப் பக்கம் சொந்தத்தில் ஒரு கலியாணம், அதற்குப் போயிருந்தான். அதனால்தான் அவனுக்கு மாட்டுக் கதை தெரியாது. முதல்நாள் பின்னேரம் வடலிக்குக் கிழக்கே ஒரு மாடு போய் மிதிவெடியில் கால் வைத்துச் செத்தது. யார் புதைத்தது, எப்போது புதைத்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஆனால் வடலியைத் தாண்டக்கூடாது என்பதில் எல்லாரும் ஒரே கதை. இரவே வீடுவீடாய்ச் சொல்லிவிட்டார்கள். கடாட்சம் மாஸ்டர் வீட்டுக்கும் வந்து சொன்னார்கள். "மாஸ்டர், நீங்கள்தான் படம் கிடம் எண்டு அங்கால திரியிறனீங்கள், கவனம்." ஓம் ஓம் என்றார். காலையில் போய் வடலிக்கு மேற்கே, இடிந்த கிணற்றடியில், கவனமாகத்தான் இருந்தார். தன் காலைப் பற்றிய கவனம்.

திலகேஸ்வரி உள்ளே வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆற்றாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். "ஒரு காகத்தையும் காணேல்லை மாஸ்டர். போன வருசம் வச்சு வாய் மூடமுதல் வந்தது. பிலாக்கொட்டைப் பிரட்டல் வச்சனான், வடை வச்சனான், அவருக்கு எண்டு பனங்கட்டியும் வச்சனான். என்ன குறையோ தெரியேல்லை." அவர், "வெயில் கூடிப்போச்சு தங்கச்சி, வரும்," என்றார். "வெயில் காகத்துக்கு என்ன செய்யும்? அவருக்குத்தான் ஏதோ மனக்குறை." படத்துக்கு முன்னால் நின்று திரியைத் தூண்டினாள். ஐம்பத்தெட்டு வயது, முன்மயிர் முழுக்க நரைத்துவிட்டது, படத்தைப் பார்க்கும்போது மட்டும் புதுப்பெண்ணைப்போலத் தலையைச் சரித்துப் பார்ப்பாள். "நான் ஏன் கேட்டனான் தெரியுமே," என்றாள் திரும்பாமலே. "முகம் மறந்துபோகுது மாஸ்டர். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். கண்ணை மூடினா வேற ஆரோ மாதிரி வருது. மகள் கனடாவில இருந்து கேக்கிறாள், அம்மா, அப்பான்ர மூக்கு எப்பிடி, என்ர மூக்கோ எண்டு. நான் ஓம் எண்டுறன். உண்மையில எனக்குத் தெரியாது. நடை மட்டும்தான் இருக்கு. சைக்கிளால விழுந்தபிறகு இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு நடப்பாரெல்லே, அது மட்டும் போகேல்லை. அதுகும் போறதுக்கிடையில நீங்கள் கீறித் தந்தா..." மேலே சொல்லாமல் மீண்டும் மதிலடிக்குப் போனாள். அவர் டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இடப்பக்கம் சரிந்த நடை. அதைக்கொண்டுதானே அன்றைக்குத் தூரத்திலேயே கண்டுபிடித்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கலியாண வீட்டு உடுப்பு. கையில் ஒரு பை, பிள்ளைக்குப் பயித்தம் பணியாரம் கொண்டு வந்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது, புல்லுக்குள் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆள் ஏற்றுகிற வான் ஓடாதபடியால் சந்தியிலிருந்து குறுக்கே நடந்து வந்தான். தரவையில் இவரைக் கண்டதும் கையை மேலே தூக்கி ஆட்டினான். கண்டார். நன்றாகக் கண்டார். அப்போது இவருடைய வலது கையில் பெரிய தூரிகை, இடது கையில் சாய்த்துப் பிடித்த பலகை, தாளில் வானம் பாதி இறங்கியிருந்தது. நீர்வர்ணத்தில் வானம் போடுவது பாயாசம் கிண்டுகிற மாதிரி, நடுவில் கையெடுத்தால் கெட்டது. மேலிருந்து கீழே ஒரே இழுவையாய் ஈரத்தைக் கொண்டு வரவேண்டும். கரை காய்ந்தால் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டை ஆண்டவனாலும் அழிக்கமுடியாது. எத்தனை வருசம் பிள்ளைகளுக்குச் சொன்னார்: ஈரம் நிக்கேக்க ஆர் கூப்பிட்டாலும் நிமிராதேங்கோ. அதிபர் வந்தாலும் நிமிராதேங்கோ. சித்திரை வெயிலில் மூன்று நிமிடம்கூட நிற்காது. கடைசித் தாள். அவன் அப்போது வடலிக்கு இப்பால்தான் வந்துகொண்டிருந்தான், வண்டிப்பாதைக்கு இறங்க இன்னும் இடம் இருந்தது. வானத்தை முடித்துவிட்டுக் கூப்பிடலாம், அதற்குள் அவன் வடலியை எட்டமாட்டான் என்று இவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சித்திர வாத்தியார் போட்ட கணக்கு. தரவையில் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று மாடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். தவம் என்று ஒரு முறை கத்தினால் போதும். வாயைத் திறக்கத் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதில்லையே, கடாட்சம், வாய்க்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியில் வந்து அவர் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்பார். காயும் காயும் என்று சொல்லிச் சொல்லி அதைப் பூசி மெழுகி வைத்திருந்தார்.

மதிலடியில் அவள் குரல் கரகரத்தது. "கா... கா... வா அப்பன், வா." அன்றைக்கு ஆட்காட்டிக் குருவிகள் கத்தின. புல்லுக்குள் கூடு வைத்த ஆட்காட்டிகள் ஆள் நடமாட்டம் கண்டால் விடாமல் கத்தும், அவன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின, அவற்றுக்கு இருந்த அக்கறைகூட இவருக்கு இல்லை. ஓம், சொல் கடாட்சம், மிச்சத்தையும் சொல். காய்ந்துவிடும் என்று மட்டுமா? வானம் அடிவானத்தைத் தொட்டுவிட்டது. கோடு விழாமல் தொட்டுவிட்டது. அப்போது கூப்பிட்டிருக்கலாம். அவன் வடலியடியில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினான். அப்போதும் கூப்பிட்டிருக்கலாம். இவர் என்ன செய்தார்? உடனே புல்லுக்கு வர்ணத்தை எடுத்தார். ஏனென்றால் காய்ந்த மண்ணிறத்துக்கு நடுவில், வடலிக்கு வலப்பக்கம், அந்த வெள்ளை போய் நின்றதும் படம் எழும்பி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு வெள்ளை இல்லாமல் அது வெறும் காய்ந்த வெளி. நீர்வர்ணத்தில் வெள்ளை என்று ஒரு வர்ணம் கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விடவேண்டும், அவ்வளவுதான். அவர் விட்டார். தூரிகை நுனியால் அவனைச் சுற்றிச் சுற்றிப் புல்லை வைத்தார், அவன் மேல் ஒரு சொட்டுப் படாமல், அவ்வளவு கவனமாக, அவ்வளவு ஆசையாக. கூப்பிட்டால் அவன் திரும்பிவிடுவான். இன்னும் கொஞ்சம் அப்படியே நில்லடா என்று மனம் சொன்னது. அவன் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை, அம்மாவாணை நினைக்கவில்லை, அந்த நேரம் மாடும் வெடியும் அவர் நினைவிலேயே இல்லை, அல்லது இருந்தது, இருந்தும் இல்லாத மாதிரி ஒரு பக்கமாய்க் கிடந்தது. எல்லாம் ஒரு நிமிசம். பிறகு அந்தச் சத்தம். கை உதறித் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு ஈர வானத்தின் மூலையில் விழுந்து பூவாய் விரிந்தது. அதைத் திலகேஸ்வரி மழைமுகில் என்பாள். சித்திரையில் எங்கே மழைமுகில் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஊருக்கு அவர் சொன்னது வேறு. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடினேன் என்றார். ஓடியது உண்மை. கிணற்றடியிலிருந்து ஓடினார், வடலி வரைக்கும் ஓடினார், வடலியைத் தாண்டக் கால் வரவில்லை. பலகையை யார் காணப்போகிறார்கள் என்று முதலில் பற்றைக்குள் ஒளித்துவிட்டுத்தான் ஓடினார், அதையும் சொல்லு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்றைக்கு, தரவை கடைசியாய் எப்படி இருந்தது என்று அவள் கேட்டு அழுதபோது, வாய்க்கு வந்த ஆறுதல் எல்லாம் பொய்யாகத் தெரிய, இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கிழமை கீறினது என்றார். அதுவும் உண்மைதான், அவர் எப்போதும் பாதி உண்மையைத்தான் சொன்னார், பாதி உண்மைக்கு ஒருவரும் சாட்சி கேட்பதில்லை. கொடுத்தால் பாரம் குறையும் என்று நினைத்தாரோ? அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வந்த ஒவ்வொரு திவசத்துக்கும் முதல் இலை அவருக்குத்தான். "அவருக்குப் பிறகு எங்களை மறக்காத ஒரே ஆள் மாஸ்டர்தான்," என்று மகளிடம் டெலிபோனில் சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் வடை தின்றிருக்கிறார். இரண்டாம் முறை சோறு வாங்கியிருக்கிறார்.

வர்ணப் பெட்டியைத் திறந்தார். இப்போதைய வர்ணங்கள் நல்லவை, பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன. இதில் என்ன பெரிய வேலை? மெல்லிய தூரிகையை நனைத்து, தலைக்கு ஒரு கறுப்புப் புள்ளி, கையில் பைக்கு ஒரு மண்ணிறப் புள்ளி, இடப்பக்கம் சரிய ஒரு நிழல். இரண்டு நிமிசம். அவள் சாகும் வரைக்கும் சந்தோசமாய் இருப்பாள். மகள் வந்தால் காட்டுவாள். இவருக்கும் எழுபத்தொரு வயது, இன்னும் எத்தனை திவசம்? தூரிகையை நனைத்துக்கொண்டு படத்தடிக்குப் போனார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். இருபத்தெட்டு வருசத்தில் அவர் இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தது இல்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, வேட்டி மடித்துக் கட்டிய மடிப்பு, இடப்பக்கம் ஒரு சரிவு. சுற்றிவர வைத்த புல்லில் கை தன்பாட்டில் எல்லாவற்றையும் விட்டு வைத்திருந்தது. அவள் கேட்ட ஆள் நின்ற இடத்திலேயே நின்றான். அவனை வரைவதென்றால் அவனுக்கு மேலேதான் வரையவேண்டும். தூரிகை நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அதைச் சட்டென்று தன் வேட்டியில் துடைத்தார். இல்லை, இது ஏலாது. இனி ஏலாது.

"தொடங்கிட்டியளோ?" பின்னால் அவள் குரல். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "தங்கச்சி," என்றார். "அது கொக்கில்லை." அவள் விளங்காமல் சிரித்தாள். "கொக்கில்லாட்டி நாரை. எதெண்டா என்ன?" "தவம்," என்றார். "அது தவம் தங்கச்சி. அண்டைக்கு வந்தவன். நான் தரவையில இருந்து கீறிக்கொண்டு இருக்கேக்க வந்தவன். கை காட்டினவன்." அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குத்துவிளக்கைக் காலால் தட்டிவிடாமல் சீலையை ஒதுக்கிக்கொண்டு படத்தடியில் முழங்காலில் குந்தி, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனாள். "ஓம்," என்றாள் மெல்ல. "ஓம். சரிஞ்சுதான் நடக்கிறார்." விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் வைத்திருந்தாள். கண்ணீர் வந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது. "இவ்வளவு காலமும் இஞ்சதான் நிண்டவரோ? நான் கொக்கெண்டு... ஐயோ மாஸ்டர், நான் கொக்கெண்டெல்லே இருந்தனான்! வீட்டை பாத்துத்தான் வாறார், என்ன?" "ஓம், வீட்டை பாத்துத்தான்." இத்தோடு நிறுத்து என்று மனம் சொன்னது. அவள் சந்தோசப்படுகிறாள், நிறுத்து, பாதி உண்மை போதும், எப்போதும் போதுமாய்த்தானே இருந்தது. அவளுடைய விரல் மட்டும் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, வடலிக்கு. வடலியிலிருந்து திரும்பவும் வெள்ளைக்கு. திரும்பவும் வடலிக்கு. "வடலியைத் தாண்டிட்டார்," என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. "மாடு செத்தது உங்களுக்குத் தெரியுந்தானே? இரவே எல்லாருக்கும் சொன்னவையெல்லே?" "தெரியும்." "கூப்பிடேல்லையோ?" "இல்லை." "ஏன்?" என்று அவள் கேட்டாள், திருவிழாவில் தொலைந்த பிள்ளை கேட்கிற மாதிரி, கோபமே இல்லாமல். "வர்ணம் காய்ஞ்சிடும் எண்டு," என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று காதில் விழுந்தது. பிறகு அதுவும் பாதிதான் என்று பட்டு, "வெள்ளை அந்த இடத்தில வேணும் போல இருந்தது," என்றும் சொன்னார்.

அவள் எழும்பிப் பின்பக்கம் போனாள். மதிலில் இலை வெறுமையாய்க் கிடந்தது. காகம்தான் எடுத்ததோ, பக்கத்து வீட்டுக் கோழி ஏறித் தின்றதோ, இவர்கள் இருவரும் பார்க்கவில்லை. "எடுத்திட்டுது," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. குசினியில் பாத்திரங்கள் உருட்டுப்பட்டன. போய்விடலாமா என்று அவர் நினைத்தார், செருப்பு வாசலில்தான் கிடந்தது. அவள் வந்து பாயை விரித்தாள், இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள். "இருங்கோ," என்றாள். இருந்தார். சோறு, பருப்பு, பிலாக்கொட்டைப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், வடை, எல்லாம் வழக்கம்போல வழக்கமான இடத்தில் வந்து விழுந்தன. வேறு வருசங்களில் அவள் எதிரில் குந்தியிருந்து ஊர்க் கதையெல்லாம் சொல்லுவாள். இன்றைக்குச் சோற்றுச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார், விழுங்கினார். இன்னொரு வாய். தலைக்கு மேலிருந்து அவள் கேட்டாள், "காய எவ்வளவு நேரம் எடுக்கும், மாஸ்டர்?"

இருபத்தெட்டு வருசமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று ஒரு காலமும் நினைக்கவில்லை. "அந்த வெயிலுக்கு மூண்டு நிமிசம்," என்றார். "மூண்டு நிமிசம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள், மறந்துவிடக்கூடாத ஒரு விலாசத்தைச் சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து அவர் இலையில் ஒரு அகப்பை சோறு வைத்தாள். இன்னொரு அகப்பை வைத்தாள். அது கறிகளை மூடிக்கொண்டு இலையின் ஓரம் வரைக்கும் வந்தது. அவள் மூன்றாவது அகப்பையை எடுத்தாள். இலைக்குக் குறுக்கே கையைத் தூக்கிக் காட்டினால் போதும், காணும், இனி வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னால் போதும். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.